நேண்ட் டு டெட்ரிஸ்: ஓராண்டு படித்தபின் ஒரு மதிப்பீடு

கணினி அறிவியலில் பொறியியல் பட்டம் வாங்கி, மென்பொருள் நிறுவனங்களில் பத்தாண்டுகளுக்கு மேல் சம்பளமும் வாங்கிய ஒருவர், கல்லூரி மாணவர்களுக்கென வகுக்கப்பட்ட பாடம் ஒன்றை முதலிலிருந்து படிக்க உட்காருவதற்குச் சற்று வெட்கத்தை விழுங்க வேண்டியிருக்கிறது. என்னை அப்படி உட்கார வைத்தவன் என் அக்கா மகன். செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தவன், டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் நோட்டில், பிட்டுகளைக் கூட்டும் ஃபுல் ஆடர் சுற்றின் படத்தைக் காட்டி, "மாமா, சி புரோகிராம்ல நாம போடுற பிளஸ் குறி இந்த சர்க்யூட்டுக்கு எப்படிப் போய்ச் சேருது?" என்று கேட்டான். நிரலைக் கீழ்நிலை மொழிக்கு மாற்றும் கம்பைலர், அதைச் சுழி, ஒன்றுகளாக்கும் அசெம்ப்ளர், அந்தச் சுழி, ஒன்றுகளான மெஷின் கோடு என்று மூன்று சொற்களை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொன்றும் என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அவனைக் கைபிடித்து அழைத்துப்போகத்தான் தெரியவில்லை. அந்தச் சங்கடத்தில் தேடிப் பிடித்த பாடம்தான் நேண்ட் டு டெட்ரிஸ். இருவரும் சேர்ந்து தொடங்கினோம். முதல் பாதி முடிந்ததும் அவன் கல்லூரித் தேர்வுகளுக்குப் போய்விட்டான். நான் ஏறத்தாழ ஓராண்டின் வார இறுதிகளைக் கொடுத்துக் கடைசிப் பயிற்சி வரை வந்திருக்கிறேன்.

பாடத்தை உருவாக்கியவர்கள் இருவர். எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோம் நிசான், ஹெர்ட்ஸ்லியாவில் உள்ள ரைக்மன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிமோன் ஷாக்கன். நிசான் விளையாட்டுக் கோட்பாட்டையும் அல்காரிதங்களையும் இணைத்த ஆய்வுக்காக 2012இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வகுப்பில் அவர்கள் நடத்திய பாடம் 2005இல் எம்.ஐ.டி. பதிப்பகத்தின் வழியாக 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ்' என்ற நூலாக வந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 2021இல் வெளியானது. இணையவழிப் பாடத்தளமான கோர்செராவில் இதே பாடம் இரண்டு பாகங்களாக, பாகத்துக்கு ஆறு பயிற்சிகள் வீதம், 12 பயிற்சிகளாகக் கிடைக்கிறது. சான்றிதழ் வேண்டுமென்றால் கோர்செராவுக்குப் பணம் கட்ட வேண்டும். பயிற்சிக் கோப்புகளும் அவற்றைச் சோதிக்கும் மென்பொருள்களும் பாடத்தின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. எங்களுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை; ஆகவே நாங்கள் இதற்குச் செலவழித்த பணம் நூலின் விலை மட்டுமே.

பாடம் செய்வதாகச் சொல்லும் வேலையை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நேண்ட் என்னும் ஒரே ஒரு லாஜிக் கேட்டை (இரண்டு உள்ளீடும் ஒன்றாக இருந்தால் மட்டும் சுழியைத் தரும் சிறு சுற்று) கையில் கொடுத்து, அதிலிருந்து ஒரு கணினியை, அந்தக் கணினிக்கு ஓர் அசெம்ப்ளரை, அதன்மேல் ஒரு மொழியை, அந்த மொழிக்கு ஒரு கம்பைலரை, கடைசியில் ஒரு சிறிய இயங்குதளத்தை மாணவரே கட்டி முடிக்க வேண்டும். பெயரில் டெட்ரிஸ் இருந்தாலும் பாடத்தில் டெட்ரிஸ் கிடையாது. கூடவே தரப்படும் விளையாட்டு பாங் என்ற பந்தாட்டம்தான். டெட்ரிஸ் வேண்டுமென்றால் ஒன்பதாவது பயிற்சியில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதன் அருமை புரிய வேண்டுமானால், நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் இதே செய்திகள் எப்படிப் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். நான் படித்த காலத்தில் லாஜிக் கேட்டுகள் ஒரு செமஸ்டர்; 8085 மைக்ரோபிராசசர் வேறொரு செமஸ்டர்; ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் இன்னொன்று; கம்பைலர் டிசைன் மூன்றாம் ஆண்டில். முதல் ஆய்வகத்தில் ஐ.சி. 7400ஐப் பலகையில் செருகி, 14ஆம் காலுக்கு 5 வோல்ட்டும் 7ஆம் காலுக்குத் தரையிணைப்பும் கொடுத்து, எல்.இ.டி. எரிகிறதா என்று பார்த்து, ட்ரூத் டேபிளை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அந்த 7400க்குள் இருப்பவை நான்கு நேண்ட் கேட்டுகள். அடுத்த ஆய்வகத்தில் 8085 கிட்டின் பொத்தான்களில் ஹெக்ஸ் எண்களைத் தட்டி இரண்டு எண்களைக் கூட்டினோம். முன்னதில் கம்பியால் கட்டிய சுற்றுதான் பின்னதில் பொத்தான் அழுத்தும்போது உள்ளே வேலை செய்கிறது என்று எந்த ஆய்வகத்திலும் எவரும் சொன்னதாக நினைவில்லை. இரண்டு ஆய்வகங்களுக்கும் இடையே ஒரு மாடிப்படிதான் இருந்தது. இந்தப் பாடத்தின் முழுப் பொருளும் அந்த மாடிப்படிதான்.

முதல் பயிற்சி 15 சிப்புகளைக் கட்டச் சொல்கிறது. நாட் (NOT), ஆண்டு (AND), ஆர் (OR), எக்ஸார் (XOR), மல்டிபிளக்சர் எனத் தொடங்கி 16 பிட் அகலமுள்ள வகைகள் வரை போகிறது. கம்பி, பலகை எதுவும் இல்லை; எச்.டி.எல். என்ற எளிய விவரிப்பு மொழியில் எந்தச் சிப்பின் எந்த முனை எதனோடு இணைகிறது என்று எழுதி, சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாட் என்பதற்கு ஒரு நேண்ட், ஆண்டுக்கு இரண்டு, ஆருக்கு மூன்று என்பது எளிதில் வந்துவிடும். எக்ஸாரை நான்கே நேண்ட்களில் செய்து முடிப்பதற்கு நாங்கள் ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்தோம். நான்கு என்பது பாடத்தின் நிபந்தனை அன்று; எத்தனை நேண்ட் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அக்கா மகன்தான் விடவில்லை.

இரண்டாவது பயிற்சியின் முடிவில் வரும் ஏ.எல்.யூ., இந்தப் பாடத்தின் முதல் பாதியில் என்னை அதிகம் அசத்திய பகுதி. கூட்டல், கழித்தல், ஒன்றைக் கூட்டுதல், ஒன்றைக் குறைத்தல், தர்க்கச் செயல்கள் என்று 18 செயல்களைச் செய்ய வேண்டிய சிப் அது. ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கு வேலை இரண்டே: ஒரு கூட்டல், ஒரு ஆண்டு. மிச்சமெல்லாம் ஆறு கட்டுப்பாட்டு பிட்டுகளின் வேலை. முதல் எண்ணைச் சுழியாக்கு, முதல் எண்ணைத் தலைகீழாக்கு, இரண்டாம் எண்ணைச் சுழியாக்கு, இரண்டாம் எண்ணைத் தலைகீழாக்கு, கூட்டலா ஆண்டா என்று தேர்ந்தெடு, வரும் விடையைத் தலைகீழாக்கு. அவ்வளவுதான். படத்தைப் பார்த்த என் அக்கா மகன், "கழித்தலுக்கு சிப் எங்க மாமா? விட்டுட்டாங்களா?" என்று கேட்டான். காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். எதிர்மறை எண்களைக் கணினியில் எழுதும் டூஸ் காம்ப்ளிமெண்ட் முறையில் ஓர் எண்ணின் எல்லா பிட்டுகளையும் தலைகீழாக்கினால் அதன் எதிர்மறையிலிருந்து ஒன்று குறைந்த எண் வரும். முதல் எண்ணைத் தலைகீழாக்கி, இரண்டாம் எண்ணைக் கூட்டி, வந்ததை மறுபடி தலைகீழாக்கினால், இரண்டு இடத்திலும் அந்த ஒன்று அடிபட்டுப்போய், முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்த விடை அப்படியே நிற்கிறது. கழிப்பதற்கென்று எதுவும் இல்லாத சுற்று கழிக்கிறது. ஆர் செயலும் இப்படித்தான்: இரண்டையும் தலைகீழாக்கி, ஆண்டு செய்து, விடையைத் தலைகீழாக்கினால் ஆர். டி மார்கன் தேற்றத்தை இரண்டு மதிப்பெண் கேள்விக்காக நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு சிப்பின் விலையைக் குறைப்பதற்கு அது பயன்படும் என்று அன்றுதான் பார்த்தேன்.

நினைவகத்துக்கான மூன்றாவது பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிட்டிலிருந்து ரெஜிஸ்டர், எட்டு ரெஜிஸ்டர்களிலிருந்து ஒரு ராம், அப்படிப்பட்ட எட்டிலிருந்து 64, பின் 512, 4096, கடைசியில் 16,384 என்று ஒரே வேலையைப் பெரிதாக்கிக்கொண்டே போவதுதான். மூன்றாவது முறைக்கு மேல் அது எழுத்து வேலை. ஆனால் ஒரு சிறு குறையை இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லாம் நேண்டிலிருந்து என்ற வாக்குறுதி இந்த இடத்தில் கொஞ்சம் வழுக்குகிறது. நினைவின் அடிப்படையான டி ஃபிளிப் ஃபிளாப் ஆயத்தமாகத் தரப்பட்டுவிடுகிறது. அதையும் நேண்ட் கேட்டுகளைக் கொண்டே கட்டலாம் என்று சொல்லிவிட்டு ஆசிரியர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். பின்னூட்டச் சுற்றுகளை அவர்களுடைய சிமுலேட்டர் ஏற்பதில்லை என்பதால் வேறு வழி இல்லைதான். இருந்தாலும், ஒரு சுற்று ஒரு பிட்டை எப்படி 'நினைவில் வைக்கிறது' என்பது முழுப் பாடத்திலும் மிக விந்தையான கேள்வி. அதற்கு விடை என் பழைய கல்லூரி நோட்டில் இருந்ததே தவிர இந்தப் பாடத்தில் இல்லை.

ஐந்தாவது பயிற்சியில் ஹேக் என்ற 16 பிட் கணினி முழுமை பெறுகிறது. நிரலுக்கு 32 ஆயிரம் சொச்சம் இடங்கள் கொண்ட ரோம் தனியாகவும், தரவுக்கான ராம் தனியாகவும் இருக்கின்றன. திரை என்பது நினைவகத்தின் ஒரு பகுதிதான்: 16384ஆம் இடத்திலிருந்து 8,192 சொற்கள். வரிசைக்கு 32 சொற்கள், 256 வரிசைகள், ஒரு சொல்லுக்கு 16 புள்ளிகள். ஆக 512க்கு 256 கறுப்பு வெள்ளைத் திரை. அதற்கு அடுத்த இடமான 24576இல் விசைப்பலகை. எந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறதோ அதன் எண் அங்கே தோன்றும். நான்காவது பயிற்சியில் அசெம்ப்ளி மொழியில், விசை அழுத்தினால் திரை கறுக்கவும் விட்டால் வெளுக்கவும் ஒரு நிரல் எழுதச் சொல்கிறார்கள். சில வரிகள்தான். ஆனால் திரை என்பது யாரோ எழுதிய நூலகத்தைக் கூப்பிட்டால் வருவது என்று பழகிப்போன எனக்கு, ஓர் எண்ணை ஓர் இடத்தில் வைத்தவுடன் 16 புள்ளிகள் கறுத்தது நெடுநேரம் சிரிக்க வைத்தது.

காணொளி வகுப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இரண்டு ஆசிரியர்களும் நிதானமாகப் பேசுவதால் தமிழ்வழியில் படித்துவந்த மாணவர்களுக்கும் பெரிய இடர் இராது. ஷாக்கன் ஒவ்வொரு படியையும் அலுங்காமல் எடுத்துவைப்பவர். சில இடங்களில் அந்த நிதானமே சோர்வாகிவிடுவதால் வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தோம். வார முடிவில் இருவரும் உட்கார்ந்து கேள்விகளுக்கு விடை சொல்லும் பகுதி சுவையானது. உண்மைக் கணினிகள் எங்கெல்லாம் ஹேக்கிலிருந்து வேறுபடுகின்றன என்பதை அங்கேதான் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் வகுப்புகளில் இல்லை, சோதனைக் கோப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு சிப்புக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் சரியான வெளியீடு எது என்ற கோப்பு கூடவே வருகிறது. நம் வெளியீடு ஓர் எழுத்து பிசகினாலும் எந்த வரியில் பிசகியது என்று சொல்லி நின்றுவிடும். வைவாவில் தடுமாறினாலும் ரெக்கார்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் இங்கே கிடையாது.

ஆறாவது பயிற்சியான அசெம்ப்ளரோடு முதல் பாகம் முடிகிறது. எந்த மொழியிலும் எழுதலாம். நாங்கள் பைத்தானில் எழுதினோம். முதல் முறை கோப்பைப் படிக்கும்போது அடையாளப் பெயர்கள் எந்த வரியைக் குறிக்கின்றன என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை ஒவ்வொரு கட்டளையையும் 16 சுழி, ஒன்றுகளாக மாற்ற வேண்டும். கடைசிச் சோதனையாகத் தரப்படும் பாங் விளையாட்டின் அசெம்ப்ளிக் கோப்பு 20,000 வரிகளுக்கு மேல் நீள்கிறது. நாங்கள் எழுதிய அசெம்ப்ளர் அதை மாற்றிக் கொடுக்க, மட்டை அசைந்து பந்து துள்ளியபோது, அக்கா மகன் விடுமுறையில் கேட்ட கேள்விக்கு முக்கால் பங்கு விடை கிடைத்துவிட்டது. நாங்கள் எழுதிய கூட்டல் கட்டளையின் ஆறு பிட்டுகளே ஏ.எல்.யூ.வின் ஆறு கட்டுப்பாட்டு முனைகளுக்கு நேராகப் போகின்றன என்பதை அவன் விரலால் தொட்டுக் காட்டினான்.

இரண்டாம் பாகம் இன்னொரு பாடம் என்றே சொல்லலாம். முதல் பாகத்துக்கு நிரல் எழுதும் பழக்கம் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆறாவது பயிற்சியை ஒதுக்கிவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் செய்துவிடக்கூடியது. இரண்டாம் பாகத்தில் ஆயிரம் வரி நிரல் எழுதிப் பழகாதவர்கள் ஏழாவது பயிற்சியிலேயே நின்றுவிடுவார்கள். எனக்கு முதல் பாகம் மூன்று மாதம் எடுத்தது. இரண்டாம் பாகம் எட்டு மாதத்தைத் தாண்டிவிட்டது.

ஏழும் எட்டும் ஒரு ஸ்டாக்கை (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) மையமாகக் கொண்ட இடைநிலை மொழியை அசெம்ப்ளிக்கு மாற்றும் வேலை. ஜாவாவின் மெய்நிகர் எந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது திரும்பிவர வேண்டிய முகவரியும், அழைத்தவருடைய நான்கு சுட்டிகளும் ஸ்டாக்கில் ஏற்றப்படுகின்றன; திரும்பும்போது அவை இறக்கப்பட்டு, விடை மட்டும் ஸ்டாக்கின் உச்சியில் நிற்க வேண்டும். பட்டப்படிப்பில் ஸ்டாக் என்றால் புஷ், பாப், தட்டுகளை அடுக்கிய உதாரணம். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷன் என்றால் ஃபேக்டோரியல். ரிகர்ஷன் உள்ளே எப்படி நடக்கிறது என்று கேட்டால் 'ஸ்டாக் பயன்படுகிறது' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒரு பிழையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பாடம் எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. எட்டாவது பயிற்சியில் ஃபிபனாச்சி எண்ணை ரிகர்ஷன் வழியாகக் கண்டுபிடிக்கும் சோதனை இருக்கிறது. என் நிரல் அதில் முதல் ஓட்டத்திலேயே தேறிவிட்டது. வேலை முடிந்தது என்று எண்ணி, இரண்டு வகுப்புக் (கிளாஸ்) கோப்புகளைச் சேர்த்து இயக்கும் எளிய சோதனைக்குப் போனால், நிரல் எங்கோ சம்பந்தமில்லாத இடத்துக்குத் தாவி நின்றுவிட்டது. கடினமானதில் தேறி எளியதில் தோற்றது எப்படி என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எமுலேட்டரில் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்திப் பார்த்தேன். காரணம் இதுதான். ஃபங்ஷன் தரும் விடையை, அழைத்தவர் அனுப்பிய முதல் ஆர்கியுமெண்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) இருந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. ஃபிபனாச்சிக்கு ஓர் ஆர்கியுமெண்ட் உண்டு, இடம் இருந்தது. இரண்டாவது சோதனையில் வரும் ஃபங்ஷன்களில் சில எதையும் வாங்கிக்கொள்ளாதவை. ஆர்கியுமெண்ட்டே இல்லாதபோது, அந்த இடத்தில் இருப்பது திரும்பும் முகவரி! நான் விடையை முதலில் வைத்துவிட்டு முகவரியைப் பிறகு படித்தேன். அதற்குள் முகவரியின்மேல் விடை எழுதப்பட்டிருந்தது. முகவரியை முன்கூட்டியே வேறோர் இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். திருத்தம் இரண்டு வரி. நூலிலும் அந்த வரிசை சரியாகத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டில் எதை முதலில் செய்தால் என்ன என்று நானாகவே மாற்றிக்கொண்டது என் வினை. அலுவலகத்தில் எத்தனையோ முறை ஸ்டாக் ட்ரேஸைப் பார்த்துப் பிழை தேடியிருக்கிறேன். அந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முகவரி எங்கோ பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குமுன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பத்தும் பதினொன்றும் ஜாக் என்ற சிறுமொழிக்கான கம்பைலர். ஜாவாவை ஒட்டிய தோற்றமும் 21 ஒதுக்கப்பட்ட சொற்களும் கொண்டது ஜாக். கல்லூரியில் கம்பைலர் டிசைன் என்றால் ஃபர்ஸ்ட், ஃபாலோ கணங்களைக் கண்டுபிடித்து எல்.ஆர். அட்டவணை போடுவது, 16 மதிப்பெண் கேள்வி என்பதால் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகினோம். லெக்ஸ், யாக் ஆய்வகத்தில் ஒரு கால்குலேட்டர் செய்தோம். கம்பைலர் கடைசியில் எதை உருவாக்குகிறது என்ற பகுதி பாடப்புத்தகத்தின் ஐந்தாம் யூனிட். ஐந்தாம் யூனிட்டுக்கு எப்போதுமே நேரம் இருந்ததில்லை. ஜாக்கில் அட்டவணை எதுவும் இல்லை. இலக்கண விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன், அவை ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். முதலில் நிரலின் மரத்தை எக்ஸ்.எம்.எல்.ஆக அச்சிட வைத்து, அது சரியானபின் அதே இடங்களில் இடைநிலைக் கட்டளைகளை வெளியிட வைக்கிறார்கள். ஒரு பொருளின் மெத்தடை அழைக்கும்போது அந்தப் பொருளே கண்ணுக்குத் தெரியாத முதல் ஆர்கியுமெண்டாகப் போகிறது என்பதை நாமே எழுத வேண்டியிருப்பதால், பைத்தானில் ஒவ்வொரு மெத்தடிலும் செல்ஃப் என்று ஏன் எழுதுகிறோம் என்பது எந்த விளக்கமும் இல்லாமல் விளங்கிவிடுகிறது.

இதே இடத்தில்தான் எனக்குப் பெரிய மனக்குறையும் உண்டு. ஜாக்கில் கணிதக் குறிகளுக்கு முன்னுரிமை கிடையாது. 2 + 3 * 4 என்று எழுதினால், இரண்டையும் மூன்றையும் கூட்டி நான்கால் பெருக்கு என்பதுபோல அது இடமிருந்து வலமாகவே போகும். பள்ளிக் கணக்கில் 14 வர வேண்டிய இடத்தில் 20 வரும். மாணவருக்கு வேலையைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு என்பது தெரிகிறது. ஆனால் கம்பைலர் எழுதுபவர் முதன்முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் அதுதான்; அதையே தூக்கிவிட்டால், நான் எழுதியது கம்பைலர்தானா என்ற ஐயம் ஒட்டிக்கொள்கிறது. கல்லூரியில் போட்ட அந்த அலுப்பூட்டும் அட்டவணைகள் எதற்காக இருந்தன என்பதை இந்த இல்லாமைதான் எனக்கு உணர்த்தியது என்பது வேறு கதை.

குறைகளில் இன்னும் சில இருக்கின்றன. ஹேக் கணினியில் இண்டரப்ட் கிடையாது, கேஷ் கிடையாது, பைப்லைன் கிடையாது, தசம எண்கள் கிடையாது. சுற்றில் மின்குறி பயணிக்க நேரம் ஆகும் என்ற பேச்சே இல்லை. எச்.டி.எல். என்று பழகுவது அவர்களுடைய சொந்த மொழி. வேலைச் சந்தையில் கேட்கும் வெரிலாக்கோ வி.எச்.டி.எல்.லோ அன்று. நெட்வொர்க், டேட்டாபேஸ், அல்காரிதங்களின் வேகத்தை மதிப்பிடுதல் ஆகியவை இதன் எல்லைக்குள்ளேயே வரவில்லை. பன்னிரண்டாவது பயிற்சியில் வரும் 'இயங்குதளம்' என்பது உண்மையில் எட்டு வகுப்புகள் கொண்ட நூலகம்: கணக்கு, நினைவக ஒதுக்கீடு, திரை, எழுத்து வெளியீடு, விசைப்பலகை, சரம், அணி, தொடக்கம். ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் ஓடுவதோ கோப்புகளோ அதில் இல்லை. கல்லூரி ஓ.எஸ். ஆய்வகத்தில் ரவுண்ட் ராபின் என்றும் பேங்கர்ஸ் அல்காரிதம் என்றும் சில எண்களை உள்ளிட்டுச் சராசரிக் காத்திருப்பு நேரத்தை அச்சிட்டோமே, அது வெறும் கணக்குதான் என்று அன்றே நாங்கள் சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் பிராசஸ், டெட்லாக் என்ற சிக்கல்கள் இருக்கின்றன என்றாவது அது சொன்னது. இங்கே அந்தச் சொற்களே வருவதில்லை. ஆகவே நான்காண்டுப் படிப்புக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை பாடத்தின் சிறப்பிலேயே ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு சிப்புக்கும் என்ன உள்ளீடு, என்ன வெளியீடு, ஒவ்வொரு வகுப்புக்கும் என்னென்ன ஃபங்ஷன்கள் என்பதை ஆசிரியர்களே துல்லியமாக வரையறுத்துவிடுகிறார்கள். ஏ.எல்.யூ.வுக்கு அந்த ஆறு பிட்டுகள்தான் வேண்டும் என்று கண்டுபிடித்தது அவர்களுடைய மூளை. நாம் செய்வது நிரப்பும் வேலை. அழகான வடிவமைப்பு ஒன்றைக் கையால் கட்டிப் பார்ப்பதால் கிடைக்கும் பயிற்சி பெரிதுதான். ஆனால் அப்படியொன்றைத் தானாக வடிவமைக்க எங்கே தொடங்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இந்த 12 பயிற்சிகளில் எங்கும் கேட்கப்படுவதில்லை. தவறான பாதையில் போய்த் திரும்பிவரும் வாய்ப்பே மாணவருக்குத் தரப்படவில்லை. ஒன்பதாவது பயிற்சி மட்டும் விதிவிலக்கு. ஜாக்கில் விருப்பமான விளையாட்டை எழுதலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

யாருக்கு இது ஏற்றது என்று கேட்டால், டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் முடித்துவிட்ட, இன்னும் கம்பைலர் பாடத்துக்குள் நுழையாத இரண்டாம் ஆண்டு மாணவருக்கு முதலிடம் கொடுப்பேன். அவர்களுக்குப் பின்னால் வரப்போகும் பாடங்கள் ஒவ்வொன்றும் எங்கே போய்ப் பொருந்தும் என்ற வரைபடம் இதிலிருந்து கிடைத்துவிடும். என்னைப்போலப் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகளான பின் படிப்பவர்களுக்கு வரைபடத்தைவிட வருத்தமே அதிகம் கிடைக்கும், ஆனாலும் படிக்கலாம். கல்லூரி வளாகத்தேர்வுக்குக் கேள்வி பதில் தேடுபவர்கள் பக்கமே வர வேண்டாம். நேர்காணலில் யாரும் நேண்டிலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. புதிய கணினி எதுவும் தேவையில்லை. முன்பு ஜாவாவை நிறுவிக்கொண்டு கருவிகளை ஓட்ட வேண்டியிருந்தது, இப்போது அவை உலாவியிலேயே இயங்குகின்றன. எங்கள் வீட்டின் பழைய மடிக்கணினியே போதுமானதாக இருந்தது. எல்லாப் பயிற்சிகளுக்கும் விடைகள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஏழாவது பயிற்சியில் ஒருமுறை நான் எட்டிப் பார்த்தேன். பார்த்த பகுதி மட்டும் இன்றுவரை எனக்குச் சரியாகப் புரியவில்லை. கடைசியில் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

சென்ற வாரம் எட்டு வகுப்புகளையும் முடித்து, அவர்கள் கொடுத்தவற்றின் இடத்தில் என்னுடையவற்றை வைத்து, என் கம்பைலர் உருவாக்கிய பாங்கை ஓட்டினேன். பந்து ஓடியது, ஆனால் ஆற அமர ஓடியது. மட்டையை அழித்து மறுபடி வரையும் செவ்வகத்தை நான் ஒவ்வொரு புள்ளியாக வரைந்திருக்கிறேன். ஒரு சொல்லில் 16 புள்ளிகளும் இருப்பதால், அங்கே மைனஸ் ஒன்று என்று எழுதினால் பதினாறும் ஒரே வீச்சில் கறுத்துவிடும் என்பது நான்காவது பயிற்சியிலேயே நான் செய்து சிரித்த வேலை. அக்கா மகனுக்கு அந்தக் காணொளியை அனுப்பியிருந்தேன். "பந்து பஸ்ஸுக்குக் காத்திருக்குற மாதிரி இருக்கு மாமா" என்று பதில் வந்தது. செவ்வகத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை திருத்துவதாக இருக்கிறேன்.